நாலு சைக்கிளுக்கு ஒரு ஸ்டாண்டு

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அணைக்கத்தான் ஆள் இல்லை. வீடே வாசல் நடையில் கூடி நின்றது. நடுவில் சின்ன மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

எல்லாம் இந்தச் சைக்கிள்களால் வந்த வினை! நடையில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். ஒன்றை உருவினால் மற்றவை மடமடவென்று சரியும். பெடலில் இடித்துக் கணுக்காலைச் சிராய்த்துக்கொள்ளாத ஆளே அந்த வீட்டில் கிடையாது. அவற்றை நிறுத்த ஒரு ஸ்டாண்டு வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள்... அடேயப்பா, இரண்டு பிள்ளைகளுக்கும் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு பேச்சு நடக்கவில்லை! சுவரில் கொக்கி அடித்து மாட்டிவிடலாம் என்றான் மூத்தவன். "யார் தலையிலயாவது விழுந்தா நீயாடா பதில் சொல்லுவே?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டாள். மேலும் கீழுமாகத் தொங்கவிடக் கம்பம் நடலாம் என்றான் இளையவன். தினமும் தலைக்கு மேல் தூக்குவது யார் என்று அதுவும் அடிபட்டுப் போயிற்று. கடைசியில் பெரிய மருமகள்தான் தன் தையல் டேப்பால் நடையை அளந்து, சக்கரத்தைச் செருகி நிறுத்துகிற தரை ஸ்டாண்டே போதும் என்று வெல்டரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

காலையில் அந்த வெல்டர் போன் செய்தான். கை ஈரமாக இருக்கவே, பெரியவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, கம்பி வெட்டப் போறேன். நாலு சைக்கிளுக்குன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாப்பா, நாலுதான்."

வேலைக்குக் கிளம்பச் சைக்கிளை உருவிக்கொண்டிருந்த சின்னவள் காதில் இது விழுந்தது. வீட்டில் இருப்பதோ ஐந்து. கடைசியாக வந்து சேர்ந்தது அவளுடையது.

"அப்போ என்னுதுதான் வெளிய நிக்கணும்... அப்படித்தானே அக்கா? பிடிக்கலேன்னா முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே! வெல்டர் சொல்லியா எனக்குத் தெரியணும்?"

"அப்புறமா பண்றேண்ணி" என்று வெல்டர் நைசாக நழுவிவிட்டான்.

பெரியவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "என்னம்மா சொல்றே? உனக்கும் சேர்த்துத்தானே சொன்னேன்..."

"பொய் சொல்லாதீங்க அண்ணி!" என்றான் கொழுந்தன். மூச்சுக்கு முந்நூறு தரம் அண்ணி அண்ணி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவன்! அவன் வாயில் இப்படி ஒரு வார்த்தையா? "உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கல. எங்களுக்கு இங்க இடம் இல்லேன்னு தெரிஞ்சுபோச்சு. தனியா வீடு பார்த்துக்கறோம்."

பிள்ளை மாதிரி வளர்த்தவன் போகிறேன் என்கிறானே! தப்பு எங்கே என்று பிடிபட்டால் காலில் விழுந்தாவது தடுத்துவிடலாம். அதுதான் பிடிபடவில்லை. பெரியவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவனோ விட்டத்தைப் பார்த்தான்.

"எண்ணிப் பாருங்களேன்!" என்று விம்மிக்கொண்டே, சரியவிருந்த சைக்கிள் ஒன்றை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி பெரியவளே எண்ணினாள். "இது அவருது... இது எம்பொண்ணுது... இது தம்பிது... இதோ, இது உன்னுது. நாலு! நாலுதானே வருது? எனக்கு ஒண்ணும் புரியலையே... நான் என்ன தப்புப் பண்ணேன்?"

மறுபடியும் எண்ணினாள். மறுபடியும் நாலுதான் வந்தது.

சின்னவளின் அழுகை சட்டென்று நின்றது.

"அக்கா... நீங்க கையில பிடிச்சிருக்கீங்களே, அது யாருது?"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். கடைக்கும் தையல் வேலைக்கும் தினமும் அவள் மிதிக்கிற சைக்கிள்.

மாமியார் மெல்ல ஆரம்பித்தாள். "போன மாசம் படத்துக்கு நீ எடுத்த டிக்கெட்ல ஒண்ணு குறைஞ்சுதே... தலைவலின்னு வீட்டுலயே நின்னுட்டியே... அதுவும் இப்படித்தானாடி?"

"எண்ணும்போது விட்டுப்போச்சு அத்தை... எப்படின்னு எனக்கே தெரியல..."

"ஐயோ அக்கா!" சின்னவள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "என்னை விட்டுட்டீங்கன்னு சண்டைக்கு வந்தேனே! நீங்க உங்களையே விட்டிருக்கீங்களே!"

"அண்ணி, நான் பேசினது தப்பு... மன்னிச்சிடுங்க" என்று கொழுந்தன் தலைகுனிந்தான். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் கணவனும் எண்ணிப் பார்த்ததில்லையே! சரியவிருந்த சைக்கிளை அவள் கையிலிருந்து வாங்கித் தான் பிடித்துக்கொண்டான்.

"அப்போ... நீங்க யாரும் போகலையே?" என்றாள் பெரியவள், இன்னும் குழப்பம் தீராமல்.

"எங்க போறது? முதல்ல வெல்டரைக் கூப்பிடுங்க!" என்றாள் சின்னவள்.

கூப்பிட்டாள். "தம்பி, கம்பி வெட்டிடாதே. அஞ்சு சைக்கிள்ப்பா."

"அஞ்சா? வீட்டுக்குப் புதுசா யாராவது வந்திருக்காங்களாண்ணி?"

அவள் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"இல்லப்பா. பழைய ஆளுதான்... நான்."