ஜன்னல் சீட்டுக்காரி

ஏழாம் பக்கத்து டவுன் பஸ்ஸில் ஜன்னலோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சங்கரி அவளை வரையவில்லை.

அச்சகத்திலிருந்து பார்வைக்கு வந்த பிரதியை மாடி அறைத் தரையில் பிரித்துப்போட்டு, மை வாசனை போகாத தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தவள், அந்தப் பக்கத்தில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பூக்கூடைக்காரியிலிருந்து படியில் தொங்குகிற காலேஜ் பையன்வரை அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவள் பெற்ற பிள்ளைகள். யார் எந்தப் பக்கம் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள் என்று அவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கதைக்குத் தேவை என்று ஜன்னல் சீட்டை மட்டும் காலியாக விட்டிருந்தாள். அதில் இப்போது ஒருத்தி. நெற்றியில் விபூதி, இரண்டு பக்கமும் மூக்குத்தி, இறுக்கி வாரிய தலை. பஸ்ஸில் யாரையும் பார்க்காமல், தாளைப் பார்ப்பவர்களை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கரியின் கோடு தடித்த கோடு. மூக்கு என்றால் ஒரு வளைவு, கண் என்றால் இரண்டு கீற்று, அவ்வளவுதான். இந்த முகத்திலோ கோடே இல்லை. நிழலாலேயே ஆன போட்டோ முகம் அது. அச்சகத்துக்காரர் எந்தக் கல்யாணப் பத்திரிகையையோ இதோடு கலந்து அடித்துவிட்டார் என்று அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்தாள். கோப்பிலும் அவள் இருந்தாள்.

சங்கரியின் புத்தகத்துக்குப் பெயர் ‘கண்டக்டர் காளி’. செவிலிமேட்டிலிருந்து பெரிய காஞ்சிபுரம் போகிற டவுன் பஸ்ஸில் காளி கண்டக்டர். ஏறுகிற பேய்களையும் பிசாசுகளையும், “டிக்கெட் எடு, இல்லன்னா இறங்கு” என்று விசில் ஊதி விரட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை சின்னக் காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிறார்கள். ஊரில் அப்படியொன்று நடப்பது இதுவே முதல் தடவை, அதில் சங்கரிக்கும் ஒரு மேசை கிடைத்திருந்தது. புத்தகம், போஸ்டர், ஸ்டிக்கர், பேட்ஜ், சாவிக்கொத்து என்று அறை முழுக்கக் காளி விசிலோடு நின்றாள்.

சிட்டிபாபுவின் ஃப்ளெக்ஸ் கடையில் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் பேனர் செய்தவள் சங்கரி. அதன்பின் பட்டுக் கடைகளுக்கு முந்தானை டிசைன் போட்டாள். அவள் போட்ட அன்னமும் யாளியும் ஆடித் தள்ளுபடியில் ஊர் ஊராகப் போயின, கடைக்காரர்களின் பெயரில். என் பெயரில் ஒன்று என்று அவள் வாயெடுத்தபோதெல்லாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். ‘கண்டக்டர் காளி’யின் அட்டையில்தான் முதன்முதலாக, தடித்த எழுத்தில், சங்கரி என்று இருந்தது. அதற்காக அவள் யாரோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்பாள்.

அந்தப் பெண்ணை அழித்தாள். ஜன்னல் சீட்டில் ரெக்சினை வரைந்து மூடினாள். அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அங்கே நடுவரிசையில் இருந்தாள்.

“சங்கரி!” கீழேயிருந்து அப்பா உமாபதியின் குரல் வந்தது. கூடத்தில் அவருடைய தறிச் சத்தம் நின்றிருந்தது. “எதுக்குமா மேல நடந்துக்கினே இருக்கே? தளம் அதிருது, இழையெல்லாம் ஆடுது பாரு.”

சங்கரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் நடக்கலப்பா. குந்திக்கினு இருக்கேன்.”

“அப்ப யாரு நடக்கறது?”

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தறி மறுபடி தடக்தடக்கென்றது. அது எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே வேலை பார்த்தாள்.

சாயங்காலம் சத்யப்ரியா வந்தாள். மேசையில் பாதி அவளுடையது. ஸ்டிக்கரும் பேட்ஜும் அவள் பொறுப்பு. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள், ஸ்டிக்கர் தாளை எடுத்து நீட்டிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“காளி சூப்பரா வந்துருக்குதுடி. ஆனா ஒண்ணொண்ணுலயும் எதுக்கு இந்த அம்மாவப் போட்டுருக்கே? சின்னப் பசங்க பயந்துடும்.”

ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் காளியின் தோளுக்குப் பின்னால் அந்த முகம் இருந்தது. அப்போதுதான் வாசனையும் வந்தது. வாடின சாமந்தி, பன்னீர், அணைந்துபோன ஊதுபத்தி, எல்லாம் கலந்து மூடிய அறையில் கிடந்து புளித்ததுபோல் ஒரு வாடை. எங்கிருந்து என்று தெரியாவிட்டாலும் எந்த வீட்டு வாசனை என்று யாருக்கும் தெரியும். சத்யப்ரியா எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

அந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று சங்கரிக்கும் அந்த வாசனையில்தான் நினைவுக்கு வந்தது. தறிக்காரர் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு ஒன்று நெய்து முடிந்தால் அதை முழுக்க அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். பழைய இழைகளின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். வெறும் தறியில் வேலை தொடங்குவது அப்பாவுக்கு ஆகாது. அதைப் பார்த்தே வளர்ந்த சங்கரிக்கும் கம்ப்யூட்டரில் வெறும் கோப்பைத் திறக்கக் கை வராது. முடித்த பக்கத்தைத் திறந்து, அதைப் பிரதி எடுத்து, உள்ளே இருப்பதை மறைத்துவிட்டு, மேலே அடுத்ததை வரைவாள். ஒன்றிலிருந்து ஒன்று. காளியின் முதல் பக்கத்தை அவள் ஃப்ளெக்ஸ் கடையில், சாப்பாட்டு இடைவேளையில், அப்போது திரையில் இருந்த கோப்பின் மேல் வரைந்திருந்தாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் பூட்டி மறைக்கப்பட்டுக் கிடந்த முதல் அடுக்கை, அந்த லேயரை, திறந்தாள். கறுப்புக் கரை. இரண்டு குத்துவிளக்கு. கண்ணீர் அஞ்சலி. நடுவில் ஜன்னல் சீட்டுக்காரி.

சிட்டிபாபுவுக்கு போன் போட்டாள்.

“அந்தம்மாவா? தையல்நாயகின்னு பேரு. நீதானம்மா அப்ப கடையில இருந்தே. கீழ யார் பேரு மொதல்ல வரணும்னு ரெண்டு பசங்களும் அடிச்சிக்கினாங்களே. கடசில அடிக்கச் சொல்லி ஒருத்தனும் வரல.”

“அப்ப பேனரு எங்கயுமே கட்டலியாண்ணா?”

“அடிச்சாத்தானே கட்டறதுக்கு? அந்தம்மா போனதே ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. பாவம். இப்ப எதுக்குமா அது?”

சும்மாதான் என்று வைத்துவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? அந்த லேயரை அழித்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வெறும் கோப்பைத் திறந்து, பக்கங்களை ஒவ்வொன்றாக அதில் கொண்டுபோய் ஒட்டினாள். சத்யப்ரியா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சங்கரி. எழுந்துட்டா.”

நடுவரிசையில் உட்கார்ந்திருந்தவள் இப்போது கம்பியைப் பிடித்து நின்றாள். அடுத்த பக்கத்தில் இரண்டு வரிசை முன்னால். அதற்கடுத்ததில் காளிக்கு நேர் பின்னால், காளியின் காக்கிச் சட்டையை உரசிக்கொண்டு. கிட்டத்தில் வந்ததால் மூக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு துவாரத்திலும் பஞ்சு. பேனர் போட்டோவில் பஞ்சு கிடையாது. அந்தப் போட்டோ எடுத்தபோது அவள் உயிரோடு இருந்தாள்.

“வாணாம்டி. விட்டுடு.” சத்யப்ரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

சங்கரிக்கு அதுவரை பயம்தான் இருந்தது. அந்த மூன்று வார்த்தையைக் கேட்டதும் எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நீ போ. பேட்ஜை மட்டும் வெச்சுட்டுப் போ. நான் ஞாயித்துக்கெழம மேசையில உக்காருவேன். புக்கோட உக்காருவேன்.”

சத்யப்ரியா போய்விட்டாள். ஏகாம்பரநாதர் கோயில் பக்கமிருந்து சாயரட்சை மணி கேட்டது. அறையில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விளக்கைப் போட எழவில்லை. எழுந்தால் முதுகைக் காட்ட வேண்டும். பின்னால் தரை மெல்ல அதிர்ந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. பன்னீர் வாடை கழுத்துக்குப் பக்கத்தில்.

“இது என் வண்டி,” என்றாள் சங்கரி. குரல் உடைந்திருந்தது. பரவாயில்லை. “உன் பசங்க உன் பேர எழுதல. தப்புதான். அதுக்கு என் பேர எடுத்துக்குவியா? கேட்டு ஏறுனியா நீ? டிக்கெட் எடுத்தியா?”

கம்ப்யூட்டரை நிறுத்தினாள். வெள்ளைத் தாளை எடுத்து, மைப்புட்டியைத் திறந்து, தூரிகையால் புதிதாகக் கடைசிப் பக்கத்தை வரைந்தாள். கோடு நடுங்கவில்லை. பஸ் படிக்கட்டு. காளி விசிலை வாயில் வைத்திருக்கிறாள். படியில் தையல்நாயகி. இந்தத் தடவை சங்கரியே அவளை வரைந்தாள், தன் தடித்த கோட்டில், மூக்குத்தி, விபூதி, பஞ்சு எல்லாம் வைத்து. ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். காளியின் வாய்க்கு மேல் பெரிதாக எழுதினாள்: “இறங்கு!”

அதிர்வு நின்றது.

பிறகு மாடிப்படியில் சத்தம். மெதுவாக. ஒவ்வொரு படியாக. கீழே போனது.

“சங்கரி,” அப்பா கூப்பிட்டார். “யாரும்மா இறங்கிப் போறது? உன் ஃப்ரெண்டோட அம்மாவா? ஒரு வார்த்த பேசாம போறாங்க.”

“ஆமாம்பா,” என்றாள். “போயிட்டாங்களா?”

“வாசலத் தாண்டிட்டாங்க.”

கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். எல்லாப் பக்கமும் சுத்தம். ஜன்னல் சீட் காலி. சங்கரி வாய்விட்டுச் சிரித்தாள். அன்றே, தாளில் வரைந்ததையும் ஸ்கேன் செய்து சேர்த்து, எல்லாவற்றையும் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, பழைய சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மணமேடையில் முகமூடிக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தி போடுகிற இடத்தில் போஸ்டர் தொங்கியது. அவ்வப்போது மைக்கில் யாரோ கத்தினார்கள். சத்யப்ரியாவும் வந்துவிட்டாள், மன்னிப்புக் கேட்காமல் பேட்ஜுகளை அடுக்கினாள். முதல் ஆளாக வந்து நின்ற பெண் காக்கிச் சட்டையும் தோல் பையும் விசிலுமாகக் காளி வேஷத்திலேயே வந்திருந்தாள். போனில் போஸ்டரைப் பார்த்துத் தைத்ததாம். பேர் ஜெயப்ரியா என்றாள். சங்கரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“கையெழுத்துப் போட்டுத் தாங்கக்கா. உங்க பேர நல்லா பெருசா போடுங்க.”

புத்தகம் கைதவறிக் கடைசிப் பக்கத்தில் திறந்துகொண்டது. பஸ் இருந்தது. காளி இருந்தாள். “இறங்கு!” இருந்தது. படியில் யாரும் இல்லை. ரோட்டிலும் யாரும் இல்லை. அவள் நின்ற இடம் வெள்ளையாக இருந்தது.

இன்னொரு பிரதியைத் திறந்தாள். வெள்ளை. அதற்கடுத்தது. வெள்ளை.

காளி இறங்கச் சொன்னாள். தையல்நாயகி இறங்கிவிட்டாள். எங்கே இறங்க வேண்டும் என்று சங்கரி வரையவில்லை.

“அக்கா?”

“ஒண்ணுமில்லமா.” முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். பேனா மூடியைக் கழற்றினாள். தன் பெயரை எழுதப் போனாள். கை ‘தை’ என்று எழுதியது.

அடித்தாள். மறுபடி எழுதினாள். ‘தைய’.

சாமந்தி. பன்னீர். முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது, நாற்காலியை அவளே சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். காளி வேஷக்காரி சங்கரியின் முகத்தைப் பார்க்காமல், தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினாள். வாயிலிருந்து விசில் விழுந்தது. சத்யப்ரியாவின் கையிலிருந்த பேட்ஜுகள் தரையில் சிதறின.

சங்கரி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள். அவளுக்கு வேலை இருக்கிறது.

“என் புக்கு,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. வலக்கையை மேசையோடு அழுத்திவிட்டு, பேனாவை இடக்கைக்கு மாற்றினாள். சின்னப்பிள்ளை எழுத்துமாதிரி கோணல்மாணலாக வந்தது. ச. வந்துவிட்டது. ங். தோளைத் தாண்டி ஒரு துணுக்குப் பஞ்சு மிதந்து வந்து ஈர மையில் ஒட்டியது. அதைத் தள்ளிவிட்டு எழுதினாள். க.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து, ஐஸ் மாதிரிச் சில்லென்று, அந்த இடக்கையின் மேலும் படிந்தது.