ஆணியை ஒத்துக்கொண்ட தச்சன்

மழையைவிட வேகமாக வந்தாள் அவள். நனைந்த கூந்தல், சிவந்த கண்கள், உள்ளங்கையில் வளைந்த ஓர் ஆணி...

"நேத்து வண்டியில கழிவு மரம் அனுப்புன தச்சருங்கள்ல நீங்களும் ஒருத்தர்தானே? இந்த ஆணி உங்களுதா? என் அரவை மெஷின் பிளேடே போச்சு!"

பட்டறை வாசலில் நின்றவன் ஆணியைப் பார்த்தான். பிறகு அவள் கண்களைப் பார்த்தான். மழை மையைக் கரைத்திருந்தது, கோபத்தைக் கரைக்கவில்லை...

"ஆமா... என்னுதுதான். மன்னிச்சிடுங்க."

வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தவளுக்குச் சப்பென்று போய்விட்டது.

மறுநாளிலிருந்து அவனே மூட்டை சுமந்து வந்தான். ஒவ்வொரு மரத்துண்டையும் காந்தத்தால் தடவி, ஆணி இல்லையென்று பார்த்துத்தான் இறக்குவான். அவள் அதை அரைத்து, அந்தத் தூளில் காளான் இழையை வளரவிட்டு, கண்ணாடிச் சாமான் உடையாமல் அனுப்பும் பெட்டிகளாக மர அச்சில் வார்ப்பாள்.

"வெறும் காளான் மரத்தூளைப் பிடிச்சுக்குமா?"

"உங்க ஆணியைவிட நல்லாவே பிடிக்கும்!" என்று பெட்டியின் மேல் ஏறியே நின்று காட்டினாள். பெட்டி அசையவில்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் தலைகுனிந்து சிரித்துக்கொண்டான்.

ஒருநாள் புது அச்சு ஒன்று செய்யச் சொல்ல அவன் பட்டறைக்குப் போனாள். அவன் இல்லை, அவனுடைய அக்காதான் இருந்தாள்.

"பழைய அச்சு ஆடுதுக்கா, ரெண்டு ஆணி குடுங்களேன்."

"இங்க ஏதும்மா ஆணி?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "மரத்தை மரமே பிடிக்கணும்னு என் தம்பிக்கு அப்படி ஒரு கர்வம். ஆணி அடிச்சான்னு யாராவது சொன்னா சண்டைக்கே போயிடுவான்!"

அவளுக்குச் சுருக்கென்றது. ஐயோ... எத்தனை முறை குத்திக் காட்டினாள்! மன்னிப்புக் கேட்கலாமா? பெற்ற அப்பாவிடம்கூடத் தப்பை ஒத்துக்கொள்ளாத வாயாயிற்றே! பேசாமல் நழுவிவிட்டால், நாளை எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது?

நழுவ நினைத்தவள் எதிரிலேயே அவன் வந்து நின்றான், மழையில் நனைந்தபடி.

"அந்த ஆணி... உங்களுது இல்ல. விசாரிக்காம கத்திட்டேன். தப்பு என்னுதுதான்." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. "இவ்ளோ கர்வம் இருக்கிற ஆளு ஏங்க ஒத்துக்கிட்டீங்க?"

"இல்லன்னு சொல்லியிருந்தா..." அவன் கண்கள் தாழ்ந்தன. "நீங்க அடுத்த பட்டறைக்குப் போயிருப்பீங்களே..."

தனக்காக ஒருவன் தன் கர்வத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறான்! பிறகு நிமிர்ந்தாள்.

"நாளைக்கு மூட்டையோட அக்காவையும் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு?"

"எங்க அப்பாகிட்ட பேசத்தான்..."