அண்ணி போடாத ஊசி

"இந்த வீட்டுல பாம்பு இருக்குன்னு தெரியாம, பாலையும் ஊத்தி, சாவியையும் குடுத்து வெச்சிருக்கேனே... என்னைச் சொல்லணும்!"

மாமியார் காபி டம்ளரை மேடையில் ‘ணங்’கென்று வைத்தாள். அது மூத்த மருமகள் பெரியவளுக்கான காபி இல்லை. அவளுக்கு அந்த வீட்டில் காபி நின்று அன்றோடு ஆறு நாள்.

பெரியவள் வெள்ளைச் சீருடையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். சோபாவுக்குப் பக்கத்தில் புதுப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அதற்குள் முழுக்கைச் சட்டைகள், மடித்த கொசுவலை, கொசு அண்டாமல் பூசிக்கொள்ளும் கிரீம், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள், வாரம் ஒன்று போட வேண்டிய மலேரியா மாத்திரைகள். எல்லாம் ஆப்பிரிக்காவுக்கு. கொழுந்தன், வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். அவனுடைய கம்பெனி அங்கே இரண்டு வருஷத்துக்கு நூற்றைம்பது கிணறு தோண்ட ஒப்பந்தம் எடுத்திருந்தது. ஆட்களில் முதல் பெயரே அவனுடையதுதான்.

கம்பெனி அனுப்பிய பட்டியல் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. பாஸ்போர்ட், விசா, வெள்ளைப் பின்னணியில் நான்கு போட்டோ, ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் சின்னவள், அதாவது சின்னவனின் மனைவி, பச்சை மையில் டிக் அடித்திருந்தாள். ஒன்று மட்டும் பாக்கி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. அது இல்லாமல் அவன் போகிற நாட்டு விமான நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். விமானத்துக்குச் சரியாகப் பத்து நாள்தான் இருந்தது.

அந்த ஊசியைப் போடும் மையத்தில்தான் பெரியவள் பதினோரு வருஷமாக நர்ஸ்!

"அக்காவுக்கு இன்னிக்கு டூட்டியா?" சின்னவள் தலை வாரிக்கொண்டே கேட்டாள். குரலில் தேன் தடவிய ஊசி. "பாவம், இன்னிக்கு யாரைத் திருப்பி அனுப்பப் போறீங்களோ! எங்களுக்கு உங்க தயவு வேண்டாம். ரெண்டு மணி நேரம் பஸ்ல போனா பக்கத்து ஊர்லயும் அதே ஊசி இருக்கு. பதினோரு மணிக்கு டோக்கன் வாங்கியாச்சு."

பெரியவள் சின்னவனைப் பார்த்தாள். அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்த லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"தம்பி... நீ போகப் போறியா?"

"அவனை ஏன்டி கேக்கற?" மாமியார் பாய்ந்து வந்தாள். "உன் தம்பிக்கு இந்த வேலை கிடைக்கலேன்னதும் எரிஞ்ச வயிறு இன்னும் அணையலையா? உன் தம்பிக்கு இல்லாதது என் பிள்ளைக்கும் இருக்கக் கூடாது, அதானே!"

பெரியவளின் கணவன் பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னான். "நாலு வார்த்தையில காரணத்தைச் சொல்லிட்டா முடிஞ்சு போற விஷயம். சொல்ல மாட்டேங்கறான்னா, சொல்ற மாதிரி காரணம் எதுவும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவன்! அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அன்று நடந்ததை அவள் யாரிடம் சொல்வாள்?

போன வாரம் சின்னவன் மையத்துக்கு வந்தபோது, வழக்கம்போலப் படிவத்தை நீட்டினாள். முட்டை ஒவ்வாமை உண்டா, காய்ச்சல் உண்டா என்று வரிசையாக ‘இல்லை’ போட்டுக்கொண்டே போனவன் ஆறாவது கேள்வியில் நின்றுவிட்டான். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

"அண்ணி... சும்மா கேக்கறேன். சாப்பிட்டா என்ன ஆகும்?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பர்ஸிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, உள்ளங்கைக்குள் மறைத்துக் காட்டினான். எட்டு மாதமாகக் குடலில் புண். மலத்தோடு ரத்தம். யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை, தினம் இரண்டு. பெண்டாட்டியிடம் வைட்டமின் என்று சொல்லியிருந்தான்.

"இது உயிரோட இருக்கற கிருமியைப் பலவீனமாக்கிச் செஞ்ச மருந்துப்பா! மத்தவங்க உடம்பு அதை அடக்கிடும். உன் உடம்பால முடியாது. ஊசியே நோயா மாறிடும். உயிருக்கே ஆபத்து."

"அப்ப ஊசி போடாம, அட்டையில சீல் மட்டும் குத்திக் குடுத்துடுங்க அண்ணி. யாருக்குத் தெரியப் போகுது?"

"உன்னைக் கடிக்கற கொசுவுக்குத் தெரியும்! அந்தக் காய்ச்சல் இருக்கற ஊருக்கு வெறும் உடம்போட அனுப்பச் சொல்றியா? எங்க டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லு. ஊசி கூடாதுன்னு சான்று குடுப்பார். கம்பெனியும் யோசிக்கும்."

"கம்பெனி என்ன யோசிக்கும்? பேரை அடிச்சுடும். அம்மாவுக்குத் தெரிஞ்சா... அப்பா வயித்து நோயில போனப்ப அம்மா ஆறு மாசம் படுக்கையை விட்டு எழுந்திருக்கல, அண்ணி! உங்க கால்ல விழறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க..."

பேசிக்கொண்டே படிவத்தைப் பிடுங்கி, நாலாகக் கிழித்துப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு போனவன்தான். வீட்டுக்கு வந்து ஒரே வரி சொன்னான். "அண்ணி எனக்கு ஊசி போட மாட்டேன்னுட்டாங்க." அதற்குமேல் அவன் பொய் சொல்லவில்லை. மிச்சப் பொய்யை எல்லாம் வீடே சேர்த்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மாமியாரும் சின்னவளும் மையத்துக்கே வந்தார்கள். ஒரு குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் பத்துப் பேருக்கும் போட்டு முடிக்க வேண்டும். பெரியவள் ஒன்பதாவது ஆளின் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். "இவ கையால ஊசி போட்டுக்காதீங்க! சொந்தக் கொழுந்தன் நல்லா இருந்தாலே பொறுக்காதவ!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் பத்தாவது ஆள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். மாமியார் அதோடு விடவில்லை. மாடியில் நிர்வாக அதிகாரியிடம் எழுத்திலும் புகார் கொடுத்துவிட்டுப் போனாள். மையத்து டாக்டர் விடுப்பில் இருந்தார். படிவமும் இல்லை. காரணமில்லாமல் ஒருவரை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று அன்று மாலையே பெரியவள் கைக்கு மெமோ வந்தது. பதில் எழுதாத அந்தக் காகிதம் இப்போதும் அவள் கைப்பையில் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். சின்னவனும் சின்னவளும் கிளம்பிவிட்டார்கள்.

பெரியவள் அறைக்குள் போய்ச் சீருடையைக் கழற்றிவிட்டு, கைக்குக் கிடைத்த புடவையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"எங்கே?" என்றான் கணவன்.

"லீவு சொல்லிட்டேன்."

"போறா பாரு! அங்கயும் போய்க் கெடுக்கத்தான் போறா!" என்று மாமியார் கத்தியது தெருமுனை வரை கேட்டது.

பக்கத்து ஊர் மையத்தில் நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். சின்னவன் மூலையில் உட்கார்ந்திருந்தான். மடியில் படிவம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிய பெரியவள் நேராகப் போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆறாவது கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று போட்டிருந்தது.

"அக்கா! உங்களுக்கு வெக்கமே இல்லையா?" சின்னவள் எழுந்துவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். "இங்கயும் வந்துட்டீங்களா? நாங்க நல்லா இருந்தா உங்களுக்கு எங்க குத்துது?"

பெரியவள் படிவத்தில் விரல் வைத்தாள்.

"தம்பி, ஆறாவது கேள்வி. அதை மாத்து."

"அண்ணி... வீட்டுக்குப் போங்க, ப்ளீஸ்."

"நீ ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தப்ப நான் இந்த வீட்டுக்கு வந்தேன். உனக்கு அம்மை போட்டப்ப உங்கம்மாவும் நானும் மாத்தி மாத்தி முழிச்சோம். ஆறு நாளா எல்லாரும் என்னைக் குத்திக் கிழிக்கறாங்க. நீ பார்த்துக்கிட்டே இருந்த. அதைக்கூட விட்டுடறேன். ஆனா உன்னை இந்த ரூமுக்குள்ள விட மாட்டேன்! நீயா சொல்றியா, இல்ல நான் உள்ள வந்து சொல்லட்டுமா? வாக்குக் குடுத்ததையும் மீறுவேன். என் வேலை போனாலும் போகட்டும்!"

"முப்பத்திநாலு!" உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

அவன் எண்தான். எழுந்தான். இரண்டடி வைத்தான். சின்னவள் அவன் முதுகில் கை வைத்து, "போங்க நீங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவன் போகவில்லை. தோள் குலுங்கியது. அப்படியே சுவரில் சாய்ந்து, முகத்தைப் படிவத்தால் மூடிக்கொண்டு, ஊரே பார்க்க ஓவென்று அழுதான்.

"எனக்கு உடம்பு சரியில்லடி... எட்டு மாசமா..."

பர்ஸிலிருந்து அந்த மாத்திரை அட்டை வெளியே வந்தது. சின்னவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது... இது வைட்டமின்னு சொன்னீங்களே!"

நர்ஸ் எட்டிப் பார்த்து மாத்திரைப் பெயரைப் படித்ததும் உள்ளே ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா படிவத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதைச் சாப்பிட்டுக்கிட்டு இந்த ஊசியா? யாருப்பா உன்னை இங்க வரச் சொன்னது? வீட்டுல யாரும் தடுக்கலையா?"

திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் அவள் பெரியவளின் கையைத் தொட்டாள். பெரியவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காயம் இன்னும் பச்சையாக இருந்தது.

வீட்டு வாசலிலேயே மாமியார் காத்திருந்தாள். மூன்று பேரும் சேர்ந்து வருவதைக் கண்டதும் வெடித்தாள்.

"கெடுத்துட்டியா? போட விடாம இழுத்துட்டு வந்துட்டியா? நீ இந்தப் படி ஏறக் கூடாது! டேய் பெரியவனே, இவளை அவ அப்பா வீட்டுல கொண்டு போய் விட்டுட்டு வா!"

கணவன் எழுந்து வந்தான். மறுக்கவில்லை. "பெட்டியை எடு" என்றான் பெரியவளிடம்.

"அத்தை, வாயை மூடுங்க!" கத்தியது சின்னவள்தான். இதுவரை அந்த வீட்டில் யாரும் மாமியாரிடம் அப்படிப் பேசியதில்லை. "அந்த ஊசியை அக்கா போட்டிருந்தா, இன்னிக்கு உங்க பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்திருப்பாரு! என் தாலியைக் காப்பாத்தினவங்களை நான்... நானும் உங்களோட சேர்ந்து..."

சின்னவன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ரத்தம் போனது, டாக்டர், மாத்திரை, கிழித்த படிவம். சொல்லி முடித்ததும் மாமியார் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். பிறகு பெரியவளைப் பார்த்துக் கரகரத்த குரலில் கேட்டாள்.

"ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை என் காதுல போட்டிருக்கக் கூடாதா நீ? அவ்வளவு பேசினேனே... தெருவுல நின்னு பேசினேனே..."

"சொல்லியிருந்தா உங்க திட்டு நின்னிருக்கும் அத்தை. ஆனா அவன் இனிமே எந்த டாக்டர்கிட்டயும், எந்த நர்ஸ்கிட்டயும் உண்மையைச் சொல்ல மாட்டான். பொய் எழுதி எங்கயாவது போய் ஊசியைப் போட்டுக்குவான். அதான் அவனாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

கணவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நான் கேட்டேனே..." என்று இழுத்தான்.

"கேட்டீங்களா?" பெரியவள் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். "காரணம் என்னன்னுதான் கேட்டீங்க. ‘நீ அப்படிச் செய்ய மாட்டியே’ன்னு ஒரு தடவைகூட உங்களுக்குத் தோணலையே! அவங்க அம்மா, பெத்த வயிறு துடிக்குது. இவ சின்னப் பொண்ணு. நீங்க யாரு எனக்கு? பெட்டியை எடுன்னீங்க... எடுத்துட்டுப் போகவா?"

அவன் கண் நிறைந்தது. அவள் அந்தக் கண்ணீரைத் துடைக்கப் போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பையிலிருந்து மெமோவை எடுத்தாள்.

"நாளைக்கு இதுக்குப் பதில் எழுதணும். தம்பி, நாளைக்குப் பத்து மணிக்கு உன் டாக்டர்கிட்ட போறோம். சின்னவளும் வரணும். கம்பெனிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. இங்கேயே வேலை இருக்கான்னு கேளு."

மாமியார் கையை நீட்டி மெமோவை வாங்கினாள். எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இதுக்கு நீ என்னன்னு பதில் எழுதுவே? இவன் நோயை எழுதுவியா?"

"எழுத மாட்டேன். எங்க டாக்டர் லீவு முடிஞ்சு வந்ததும் அவர்கிட்ட மட்டும் சொல்வேன். மேல இருக்கறவங்க என்ன செய்யறாங்களோ, செய்யட்டும்."

"என்ன செய்யறது? ஒண்ணும் செய்ய விட மாட்டேன்." மாமியார் எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். "புகார் குடுத்தது நான். அது பொய்னு நானே எழுதித் தரேன். மருமகளைப் பிடிக்காம, வேணும்னே இட்டுக்கட்டிச் சொன்னேன்னு எழுதறேன். இவன் பேரும் வேண்டாம், நோயும் வேண்டாம். கொடுமைக்கார மாமியார்னு நாலு பேர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்!"

"அத்தை, அப்படியெல்லாம் எழுத வேண்டாம்..."

"நீ சும்மா இரு. ஆறு நாள் நீ சும்மா இருந்தேல்ல? இன்னும் கொஞ்ச நேரம் இரு."

பழக்கமில்லாத கை. எழுத்துகள் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. ‘பொய்’ என்ற இடத்தில் பேனா நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து மை பரவியது. மாமியார் அதைப் புறங்கையால் ஒற்றிவிட்டு, அதே வார்த்தையை இன்னும் அழுத்தமாக, பெரிதாக எழுதினாள்.

ஆறு நாளாகப் பெரியவளின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இப்போது முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து இறுக்கிக்கொண்டாள்.

"அழு... என் முன்னாடியே அழு. இத்தனை நாள் உன்னை அழக்கூட விடாம வெச்சிருந்தேனே, பாவி..."

பெரியவள் அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தத் தோளில் இருந்தபடியே சொன்னாள்.

"கீழே கையெழுத்துப் போடுங்க அத்தை. தேதியும் போடுங்க."