வளைவில் ஏழாமவன்

திரையில் ஆறு கைதிகள் இருந்தார்கள். புத்தகத்தில் ஏழு பேர்.

பிறேமா விரலை வைத்து மறுபடி எண்ணினாள். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு நூலகத்தின் நிலவறையில் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிப்பது அவளுடைய வேலை. இன்றைய புத்தகத்துக்கு நானூறு வயதுக்கு மேல். ஏதோவோர் இளவரசன் போரில் வென்று நகரத்துக்குள் நுழைந்தபோது தெருத்தெருவாகக் கட்டிய வெற்றி வளைவுகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருந்தார்கள். தூண்களின் அடியில், கைகள் பின்னால் கட்டப்பட்ட கைதிகள்.

மீண்டும் படம் எடுத்தாள். மீண்டும் ஆறு.

கூட வேலை செய்யும் எவ்லின் மூன்று மணிக்கே போய்விட்டாள். காற்றோட்டக் குழாயின் முனகலும், தோலட்டையிலிருந்து எழுந்த புளித்த வாசமும், விளக்குச் சூட்டில் தாள் நெளியும் சரசரப்பும் தவிர அறையில் வேறொன்றும் இல்லை. அந்தச் சரசரப்பைக் கூர்ந்து கேட்டால், நிறையப் பேர் மணலில் வெறுங்காலோடு நடப்பது போலிருந்தது. உருப்பெருக்கியை ஏழாமவன் மேல் வைத்தாள். இடது காதின் கீழ்ப்பாதி இல்லை.

அவள் கணவன் ஜோன்சனுக்கும் இல்லை. ஷெல் துண்டு கொண்டுபோனது.

டுசல்டோர்ஃபில் இருக்கும் அவன் தமையன் லோறன்ஸை அழைத்தாள்.

“அண்ணை, அவருக்கு எந்தக் காது காயப்பட்டது?”

“இடது. ஏன் இப்ப கேக்கிறாய்?”

“இஞ்சை ஒரு புத்தகத்திலை அவர் நிக்கிறார்.”

மறுமுனையில் கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“இவ்வளவு வருசமா நான் ஒண்டும் கேக்கேல்லை, பிறேமா. அவன் போகமாட்டன் எண்டுதானாம் சொன்னவன். நீதானே ஆமியிட்டை கூட்டிக்கொண்டு போய்க் குடுத்தனீ.”

தொடர்பு அறுந்தது.

அவள்தான். ஊரில் போர் முடிந்த நாளில், இராணுவம் நின்ற பாலத்தடியில், “பேரைப் பதிஞ்சிட்டு விட்டிடுவினம், போங்கோ” என்று அவன் முதுகைத் தள்ளியவள். சரணடைந்த அந்த வரிசையிலிருந்து ஒருவரும் திரும்பவில்லை. அவன் காணாமற்போனதை அகதி விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்துத்தான் இந்த நாட்டுக்குள் நுழைய அவளுக்கு வழி கிடைத்தது.

பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த வளைவு. அவன் தூணை விட்டு இறங்கியிருந்தான்.

அடுத்தது. வாசலின் கீழே. முழங்காலில்.

அடுத்தது. ஈர மண் வாசம். வெடிமருந்து.

மூடிவிடலாம். கை மூடவில்லை.

கடைசி வளைவு. உச்சியில் நான்கு குதிரை பூட்டிய தேர். தேரில் இளவரசன் இல்லை. ஒரு பெண். பிறேமா இப்போது போட்டிருக்கும் அதே கம்பளிச் சட்டை. அவளுடைய முகம். கையில் கயிறு.

கயிற்றின் மறுமுனையில் ஜோன்சன் தலையை நிமிர்த்தினான். கோபமில்லை. அவள் சொன்னதை அப்படியே நம்பிய முகம்.

தேரிலிருந்த பெண் கயிற்றை மெல்லச் சுண்டினாள்.

அவன் எழுந்தான்.