கழற்றி மாட்டிய கதவு

காலை ஐந்து நாற்பது. தோங் வீட்டு விதவையின் அலறல் கேட்டபோது, சமையல்காரர் லுவான் கொப்பரையில் தினைக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார். துடுப்பை விடாமல் காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினார். சாவு விழுந்த வீட்டு அழுகை வேறு, களவு போன வீட்டு அழுகை வேறு. இது இரண்டாவது.

உள்நாட்டுப் போரின் மூன்றாவது குளிர்காலம். ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே எந்த ஊரில் படை தங்கினாலும் வழக்கம் ஒன்றுதான். வீட்டுக் கதவுகளைக் கேட்டு வாங்கி, கழற்றி, வைக்கோலின் மேல் போட்டுப் படுப்பார்கள். கிளம்பும் நாளில் விடியுமுன் அந்தந்தக் கதவை அந்தந்த வீட்டில் மாட்டிவிட வேண்டும். ஊராரின் துரும்பைத் தொட்டாலும் தண்டனை. திருட்டு என்றால் துப்பாக்கிக் குண்டு.

ஐந்து ஐம்பது. படைப்பிரிவுத் தலைவர் திங்கின் முன்னால் ஒருவன் கைகள் பின்னால் கட்டப்பட்டு நின்றான். ஸியாங். மூன்று வாரம் முன்புவரை எதிர்ப்பக்கப் படையில் இருந்தவன். பிடிபட்டதும் தொப்பிச் சின்னத்தை மாற்றிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். அவனுடைய தெற்கத்திப் பேச்சைக் குழுவே நையாண்டி செய்யும். அதனால் பேசுவதையே நிறுத்திவிட்டான். கஞ்சிக்குக் கடைசியில் வருவான், சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடிப்பான்.

"என்ன காணோம்?" என்றார் திங்.

"வெள்ளித் தகடு தலைவரே. செத்துப்போன புருஷன் அந்தப் பொம்பளையோட மகளுக்குச் செஞ்சு போட்டது. கதவோட பின்சட்டத்து இடுக்குல ஒளிச்சு வெச்சிருக்கா. இப்பக் கையவிட்டுப் பாத்தா இல்ல." சொன்னவன் குழுத் தலைவன் பெய். ஊரே மெச்சும் சிரிப்புக்காரன். இப்போது சிரிக்கவில்லை.

"அந்தக் கதவுல படுத்தது?"

"இவன்தான். நானே பிரிச்சுக் குடுத்தேன். காலைல நானே கொண்டுபோய் மாட்டினேன்."

"சோதிச்சீங்களா?"

"சட்டைத் தையல் வரைக்கும் பிரிச்சாச்சு. எங்கயோ பொதைச்சிருப்பான்."

"நீ என்னடா சொல்ற?"

ஸியாங் பெய்யை ஒரு தடவை பார்த்தான். "நான் எடுக்கல." அவ்வளவுதான்.

ஏழு மணிக்குப் படை நகர வேண்டும். அதற்குமுன் தண்டனை முடிய வேண்டும். லுவான் துடுப்பைக் கொப்பரையில் சாய்த்துவிட்டு வந்தார்.

"தலைவரே, அரை மணி நேரம் குடுங்க. சாகப் போறவனுக்கும் கஞ்சி ஊத்தணும்ல."

திங் கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறரை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட இல்ல."

கட்டிய கையோடு குடிக்க முடியாதே. லுவானே கிண்ணத்தை அவன் வாயில் வைத்தார். முகம் அருகே போனதும் மூக்கைச் சுளித்தார். வேர்வை நாற்றம் இந்தப் படையில் எல்லோருக்கும் உண்டு. இது வேறு, புளிப்பாக இருந்தது. ஸியாங்கின் முதுகுப் பஞ்சுச் சட்டையில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"தம்பி, ராத்திரி எதுல படுத்த?"

ஸியாங் கிண்ணத்தையே பார்த்தான்.

"வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருக்க? உன் உசிருடா இது."

"பழைய எடத்துல மேலதிகாரியப் பத்திச் சொன்னா முதுகுத் தோலை உரிப்பாங்க அண்ணே," என்றான் ஸியாங் மெல்ல. "இங்க எப்படின்னு எனக்குத் தெரியாது."

லுவான் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பதினோரு வருடமாகக் கொப்பரை சுமக்கிறார். அவரிடம் வருகிறவர்கள் கிண்ணத்தைத்தான் நீட்டுவார்கள். யாரும் அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டு ஒரு மனக்குறை சொன்னதில்லை.

ஆறு பத்து. தோங் வீடு. விதவை அடுப்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். காலணி நுனியில் துக்கத்துக்கான வெள்ளைத் துணி தைத்திருந்தது.

"அண்ணி, அண்ணன் தவறி எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

வெளிப்பக்கம் திறந்து சுவரோடு ஒட்டி நின்ற கதவின் பின்சட்டத்தைக் காட்டினாள். "இங்கதான் வெச்சேன். இருட்டுல தடவிப் பாத்தேன், இல்ல."

காற்று ஊசியாகக் குத்தியது. லுவான் வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். சுவரோடு ஒட்டியிருந்த முகப்பு இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. போன புத்தாண்டுக்கு மங்கலமாக ஒட்டிய சிவப்புத் தாளின் கிழிசல் ஒன்று காற்றில் படபடத்தது. குனிந்து பலகையை மோந்தார். பிறகு மூன்றாவது சந்துக்குள் ஓடினார். ஐம்பது வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஆறு இருபத்தெட்டு. முதுகில் ஒரு கதவோடு லுவான் முற்றத்துக்கு வந்தார், பின்னால் தோங் வீட்டு விதவையும் வந்தாள்.

"இது சோயாப்பால்ல டோஃபுக் கட்டி செய்யறவர் வீட்டுல மாட்டியிருந்துச்சு தலைவரே. ஆனா இது தோங் வீட்டுக் கதவு. அண்ணி, சட்டத்துல கையவிடுங்க."

விதவை விட்டாள். வெள்ளித் தகடு வந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் திங்.

"துக்க வீட்டு வாசல்ல மூணு வருஷத்துக்குச் செவப்பு ஒட்ட மாட்டாங்க. அண்ணி வீட்டுல மாட்டின கதவுல செவப்புத் தாள் இருக்கு. அப்ப அது அவங்க கதவே இல்ல. கதவு வெளிச்சுவரோட ஒட்டித் தெறந்தே கெடந்ததால யார் கண்ணுலயும் படல. அந்தக் கதவுதான் டோஃபு வீட்டுல அழுத்தற பலகையும். புளிச்ச வாடை. அதே வாடை இவன் முதுகுலயும். அப்ப இவனுக்குன்னு ஒதுக்கின நல்ல கதவுல படுத்தது வேற ஆள்." லுவான் திரும்பினார். "சொல்லு பெய்."

பெய்யின் காது சிவந்தது. "அது வழவழன்னு இருந்துச்சு, வாடையும் இல்ல. மாத்திக்கிட்டேன். காலைல அவசரத்துல இவன் கதவு தோங் வீடு, என் கதவு டோஃபு வீடுன்னு பழைய கணக்குப்படியே மாட்டிட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

பெய் தரையைப் பார்த்தான். "இவன் கையக் கட்டினப்ப."

அது மறதியைவிட மோசம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. திங் பெய்யின் பதவியைப் பறித்தார். "இன்னிலேருந்து கொப்பரைய நீ சும."

ஆறு ஐம்பது. கதவுகள் தத்தம் வீட்டுக்குப் போயின. ஸியாங் கயிறு பதிந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு லுவானிடம் வந்தான்.

"அண்ணே, உங்களுக்கு எழுதத் தெரியுமாமே. ஒரு வரி எழுதித் தர்றீங்களா? வயல்லேருந்து கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. ரெண்டு வருஷமாச்சு. நான் செத்துட்டேன்னு என் பொண்டாட்டி வாசலை வெறுமையா விட்டிருப்பா."

"என்ன எழுத?"

"கதவுல செவப்புத் தாள் ஒட்டச் சொல்லுங்க. அவளுக்குப் புரியும்."

போர்முனையைத் தாண்டித் தெற்கே தபால் போகாது என்று லுவானுக்குத் தெரியும். சொல்லவில்லை. தினைக் கணக்குத் தாளைக் கிழித்து எழுதினார். ஸியாங் அதை இரண்டு கையாலும் வாங்கித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான்.

அணிவகுக்க விசில் ஊதியது. லுவான் பென்சிலை வைக்கவில்லை. வடக்கே, தபால் போகிற தூரத்தில்தான் அவருடைய வீடு இருந்தது. எழுத எதுவும் இல்லை என்று நான்கு வருடமாக எழுதாமல் இருந்தார். இன்னொரு தாளைக் கிழித்து, அதே வரியை எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார்.