சிப்பி மேல் குடித்தனம்

வகுப்புக்குள் நுழைந்த பவுனு திடுக்கிட்டு நின்றாள். அவள் கொண்டுவந்த சிப்பியை விசாலாட்சி தேங்காய்நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ! என்னடி பண்ற?”

“ஒரே அழுக்குடி! கண்காட்சிக்கு வைக்கிற பொருளு பளபளன்னு இருக்க வேணாமா? அந்த நாத்தத் தண்ணிய கொட்டிட்டு, குழாய்த் தண்ணியில கழுவிக்கினு இருக்கேன்.”

அது கடல் தண்ணீர். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து திண்டிவனம் வரை, ஜாடியில் ஊற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துச் சிந்தாமல் பவுனு கொண்டுவந்தது.

“அது அழுக்கு இல்லடி, உசுரு! கூம்பு கூம்பா ஒட்டிக்கினு இருக்குதே, அது கொட்டலசு, ஓட்டுக்குள்ள வாழ்ற கடல் பூச்சி. அதுங்க இடுக்குலதான் குட்டி நத்தை இருக்கும். அலை அடிச்சாலும் விழாது. சிப்பி மேல வளர்ற பாசியைத் தின்னுக்கினே இருக்கும்.”

விசாலாட்சியின் முகம் வெளுத்தது. “அப்ப எல்லாத்தையும் கொன்னுட்டேனா?”

பவுனுவுக்குக் கோபம் வந்தது. ஆனால், தோழியின் கண்ணில் நீர் தளும்புவதைப் பார்த்ததும் திட்ட மனம் வரவில்லை. சிப்பியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் வழுக்கை. மறுபக்கத்தில் கொட்டலசுகள் இருந்தன. ஆனால் எல்லாமே இறுக மூடிக் கிடந்தன.

சட்டென்று சத்துணவுக் கூடத்துக்கு ஓடினாள்.

“ஆயா, ஒரு கை கல்லுப்பு குடுங்க! ஜல்தி!”

“எதுக்குடி?” என்றார் சமையல்கார அஞ்சம்மாள்.

“கடல் செய்யணும்!”

அஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே அள்ளிக் கொடுத்தார்.

காலி ஜாடியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, உப்பைக் கரைத்து, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள் பவுனு. “சே, இது ரசம்.” இன்னும் கொஞ்சம் போட்டாள். “ம், இதான் எங்க கடலு!”

சிப்பியை மெல்ல உள்ளே இறக்கினாள். ஒன்றும் அசையவில்லை. விசாலாட்சி ஜாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

“பவுனு! இங்க பாருடி!”

ஒரு கூம்பு திறந்தது. இறகு போன்ற குட்டிக் கால்கள் வெளியே வந்து தண்ணீரைத் துழாவின. பிறகு இன்னொன்று. இடுக்கிலிருந்து மிளகளவு நத்தை ஒன்று எட்டிப் பார்த்து, பாசியை நோக்கி நகர்ந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

அறிவியல் ஆசிரியர் கோதண்டபாணி வந்து ஜாடிக்குள் உற்றுப் பார்த்தார். “இந்தப் பக்கம் மட்டும் ஏன் மொட்டையா இருக்கு?”

விசாலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அது காலி மனைங்க, சார்” என்றாள் பவுனு. “கடல்ல கொண்டுபோய் வெச்சா, புதுசா குட்டிக் கொட்டலசுங்க வந்து ஒட்டிக்கும்.”

ஆசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். விசாலாட்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்று முழுவதும் ஜாடியை விட்டு அவள் நகரவே இல்லை. “யாரும் கைய விடாதீங்க! உள்ள குடித்தனக்காரங்க இருக்காங்க!” என்று, கண்காட்சி பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.