டங் என்றது இன்ஸ்பெக்டர் தலை!

மரக்கடை முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார்.

பாதி ஏற்றிய ஷட்டருக்கு அடியில் அவசரமாகக் குனிந்து நுழைந்தார் இன்ஸ்பெக்டர். குனிந்தது போதவில்லை.

டங்!

கான்ஸ்டபிள் சிரிப்பை விழுங்கினார். ஒன்றுமில்லை என்று உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

உடலருகே நின்ற டாக்டர், செத்தவருடைய தங்கையின் கணவர். மாரடைப்பு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஊசி போட்டுக் கொன்றவரும் அவரேதான்! பெண்டாட்டி பிள்ளை இல்லாத மச்சான் போய்ச் சேர்ந்தால் கடை யார் வீட்டுக்கு வரும் என்று அவருக்குத் தெரியும்.

"கடைசியா இவரை எப்ப பார்த்தீங்க டாக்டர்?"

"நேத்து சாயங்காலம்."

இன்ஸ்பெக்டர் பிணத்தின் கழுத்திலிருந்த சிவப்புப் புள்ளியை உற்றுப் பார்த்தார். நிமிர்ந்தார்...

"கடைசியா இவரை எப்ப பார்த்தீங்க டாக்டர்?"

டாக்டருக்கு வியர்த்தது. அதே பதிலைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று முனகி, கான்ஸ்டபிளைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பினார்.

மறுபடி அதே கேள்வி!

டாக்டரின் மண்டைக்குள் பல்பு எரிந்தது. தலையில் அடி. வலி. குமட்டல். வெளிச்சம் கூசுகிறது. கேட்டதையே கேட்கிறார்... மூளையதிர்ச்சி! ரத்தம் வரவில்லை, மயக்கம் போடவில்லை. அதனாலென்ன, அதெல்லாம் இல்லாமலும் மூளை குலுங்கும். உடனே ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டிய ஆள்.

டாக்டர் அனுப்பவில்லை.

"இன்னைக்கு என்ன கிழமை சார்?" என்று மட்டும் அன்பாகக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் திருதிருவென்று விழித்தார்.

"தெரியலையே..."

டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்த ஆளிடம் எதைச் சொன்னாலும் தங்காது! கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்லிக்கொள்ளாவிட்டால் அது என்ன கெட்டிக்காரத்தனம்? அடுத்த முறை அதே கேள்வி வந்தபோது அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ராத்திரி பார்த்தேன். ஊசி போட்டது நான்தான். சிரிஞ்ச் அந்த மரத்தூள் மூட்டைக்குள்ள கிடக்கு. கொஞ்ச நேரத்துல நீங்க இதையெல்லாம் மறந்துடுவீங்க."

இன்ஸ்பெக்டர் நேராகப் போய், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மூட்டைக்குள் கைவிட்டார். சிரிஞ்ச் வெளியே வந்தது.

டாக்டரின் முகம் வெளுத்தது.

"கிழமைகூடத் தெரியலைன்னீங்களே..."

"லீவே கிடைக்காதவனுக்கு எல்லாம் ஒரே கிழமைதான்."

"அப்ப அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது?"

"எங்க டிபார்ட்மென்ட்ல அதுக்குப் பேரு விசாரணை."

விலங்கை மாட்டிவிட்டு உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார். புடைத்திருந்தது. நிஜமாகவே வலித்தது. இப்போது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

"எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடறேன்... வேற நல்ல டாக்டர் யாராவது இருந்தா சொல்லுங்க."